கோட்டிலிருந்து அவர்கள் போகக் கூடாது

("சைப்ரஸ் போர்நிறுத்தக் கோட்டில் ஐ.நா. அமைதிப்படையின் பணிக்காலத்தை நீட்டிக்க வேண்டுமா, போதும் என்று திருப்பி அழைக்க வேண்டுமா?" என்ற தலைப்பில் குளச்சலில் நடந்த பட்டிமன்றத்தில், நீட்டிக்க வேண்டும் என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்கா, பொழுது சாய்ந்த பிறகும் வந்து உட்கார்ந்திருக்கும் குளச்சல் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணி அக்கா ஒரு கேள்வியோடு முடித்தார்கள். "மூன்று மாதத்துக்கு என்று போன படை அறுபது வருடம் தாண்டியும் அங்கேயே நிற்கிறது. பிரச்சினை தீர்ந்த பாடில்லை. அப்புறம் எதற்கு அந்தப் படை?" நல்ல கைதட்டல் கிடைத்தது. கேள்வி நியாயமானதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1964 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 186ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியபோது மூன்று மாதம் என்றுதான் போட்டார்கள், உண்மை. ஆனால் படைக்குக் கொடுத்த வேலை என்ன? மத்தியதரைக் கடலில் இருக்கும் அந்தத் தீவில் கிரேக்க சைப்ரஸ் மக்களும் துருக்கிய சைப்ரஸ் மக்களும் மறுபடி வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. தீர்வு காண அதே தீர்மானம் தனியாக ஒரு சமரசத் தூதரை நியமிக்கச் சொன்னது. 2004இல் தீவை மறுபடி இணைக்க ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் முன்வைத்த திட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். துருக்கிய சைப்ரஸ் பக்கம் ஏற்றுக்கொண்டது, கிரேக்க சைப்ரஸ் பக்கம் பெரும்பான்மையாக மறுத்தது. 2017இல் சுவிட்சர்லாந்தில் பேச்சு முறிந்தது. இதெல்லாம் தலைவர்கள் உட்கார்ந்த மேசையில் நடந்த தோல்வி. வெயிலில் கோட்டில் நிற்கும் சிப்பாய் தலையில் அதை ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

"படை இருந்தும் 1974இல் துருக்கி ராணுவம் இறங்கியதே" என்றார் அண்ணன். இறங்கியது. தீவே இரண்டாகப் பிரிந்தது. ஒரு நாட்டின் முழு ராணுவத்தை எதிர்த்துப் போரிட அந்தப் படையை யாரும் அனுப்பவில்லை. ஆனாலும் அதே நாட்களில் தலைநகர் நிகோசியாவின் விமான நிலையத்துக்காக இரு பக்கமும் மோதியபோது, அதை ஐ.நா. பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து நடுவில் நின்றார்கள். அப்போது படைத் தளபதியாக இருந்தவர் நம் நாட்டு மேஜர் ஜெனரல் பிரேம் சந்த். விமான நிலையம் யார் கைக்கும் போகவில்லை. இன்றைக்கும் அமைதிப்படையின் தலைமையகம் அங்கேதான்.

அந்த வளாகத்துக்குள் ஓர் ஆய்வகம் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1963-64 மோதல்களிலும் 1974 போரிலும் காணாமல் போனவர்கள் என்று இரு சமூகமும் ஒப்புக்கொண்ட கணக்கு 2,002 பேர். அதில் 1,510 பேர் கிரேக்கர், 492 பேர் துருக்கியர். இவர்களைத் தேட ஒரு குழு. கிரேக்க, துருக்கிய சைப்ரஸ் அறிவியலாளர்கள் ஒன்றாகவே தோண்டுகிறார்கள், எலும்புகளை ஒன்றாகவே அடுக்குகிறார்கள், மரபணுச் சோதனை முடிந்ததும் குடும்பத்தை அழைத்து ஒப்படைக்கிறார்கள். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒக்கி புயலுக்குப் பிறகு, கடலுக்குப் போனவரின் உடல்கூடக் கிடைக்காத வீடு எப்படி இருக்கும் என்று இந்தக் கடற்கரைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரு பக்கத்து எலும்புகளையும் ஒரே மேசையில் வைக்க, எந்தப் பக்கத்துக் கொடியும் பறக்காத ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைக் காப்பவர்களைத்தான் மூட்டை கட்டச் சொல்கிறார்கள் எதிரணியினர்.

இரு பக்கத்துக்கும் நடுவே ஓடும் அந்தப் போர்நிறுத்தக் கோடு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். சில இடங்களில் பல கிலோமீட்டர் அகலம், நிகோசியா பழைய நகரத்தில் சில மீட்டர்தான். இந்த இடைநிலத்தில் வயல் உண்டு, ஊர் உண்டு. பிலா என்ற ஊரில் இரு சமூகமும் சேர்ந்தே வாழ்கிறது. 2023 ஆகஸ்டில் துருக்கிய சைப்ரஸ் தரப்பு அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் சாலை போட வந்தது. அமைதிப்படையினர் குறுக்கே நின்றார்கள். அவர்களைத் தாக்கினார்கள், புல்டோசரை வைத்து அவர்கள் வண்டிகளைத் தள்ளினார்கள். வீரர்களுக்குக் காயம். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அக்டோபரில் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்த இடத்தில் ஐ.நா. வீரர்களின் நீலத் தொப்பிக்குப் பதிலாக இரண்டு ராணுவங்கள் நேருக்கு நேர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணன் பதில் சொல்லட்டும்.

நடுவர் அவர்களே, மூன்றாவது ஆள் எதற்கு என்று இந்த மண்ணில் நின்று கேட்கலாமா? 1982இல் இதோ பக்கத்தில் மண்டைக்காட்டில் மதக் கலவரம் வெடித்து உயிர்கள் போனபோது, நாமாகவே பேசித் தீர்த்துக்கொண்டோமா? பட்டிமன்றத்தைத் தமிழ்நாட்டில் வளர்த்த குன்றக்குடி அடிகளார் இங்கே வந்தார். இரு பக்கத்து மக்களோடும் பேசினார். ஒரு பக்கம் சொன்னால் மறுபக்கம் நம்பாத நேரம் அது. வெளியிலிருந்து வந்தவர் சொன்னதால் காது கொடுத்தார்கள்.

சரி, படை கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். இதில் ஊகமே வேண்டாம்.

நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. அதற்குச் சில நாட்களுக்குள் சூயஸ் போரை நிறுத்துவதற்காக ஐ.நா. தன் முதல் ஆயுதம் தாங்கிய அமைதிப்படையை உருவாக்கியது. காசாவிலும் சினாயிலும் பத்தாண்டுக்கும் மேல் அது நின்றது. இந்திய வீரர்கள் அதில் பெரும் பங்கு. 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் வெளியேறச் சொன்னார், பொதுச்செயலர் ஊ தாண்ட் ஒப்புக்கொண்டார். ஜூன் 5இல் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் போர். நம் வீரர்கள் மூட்டை கட்டி முடிப்பதற்குள் குண்டு விழுந்து காசாவிலேயே சிலர் இறந்துபோனார்கள். படை போனது மட்டும்தான் போருக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. இடையில் நின்றவர்கள் நகர்ந்தபின் எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதைப் பாருங்கள் என்கிறேன்.

இன்னும் பக்கத்தில் வரட்டுமா? 2002 பிப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்தம். நார்வே தலைமையில் கண்காணிப்புக் குழு வந்தது. கையில் ஆயுதம் இல்லாத, எண்ணிக்கையிலும் சிறிய குழு. அவர்களால் எதையும் தடுக்க முடியவில்லை என்று அப்போது எல்லோரும் சொன்னோம். 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியது, அவர்கள் போனார்கள். செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களும் வன்னியை விட்டுக் கிளம்பியபோது, கிளிநொச்சி அலுவலக வாசலில் மக்கள் கூடிப் போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். துப்பாக்கி ஏந்திக் காக்கச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டாவது இருங்கள் என்றார்கள். வண்டிகள் போய்விட்டன. 2009 மே வரைக்கும் அங்கே நடந்ததற்கு வெளி உலகத்தின் கண் பெரும்பாலும் இல்லை. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று 2012இல் ஐ.நா.வின் உள்விசாரணையே சொன்னது. அந்த மண்ணிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்து முகாம்களில் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள், கண்காணிப்பவர் இருப்பது வீணா என்று.

லெபனானைக் காட்டினார் அண்ணன். அங்கே 1978 முதல் படை இருந்தும் போர் நிற்கவில்லை என்பது உண்மை, அது என்னை வருத்துகிறது. 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு கவுன்சில் அந்தப் படைக்கு 2026 டிசம்பர் 31 என்று கடைசித் தேதி குறித்துவிட்டது. களத்தில் அமைதி வந்த பிறகு குறித்த தேதி இல்லை அது. பாடம் சைப்ரஸுக்கு எதிரானது இல்லை அண்ணே. காலண்டரைப் பார்த்துக் கிளம்பாதே என்பதுதான் பாடம்.

செலவைப் பற்றி ஒரே வார்த்தை. 2024இல் உலகம் ராணுவத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர். ஐ.நா.வின் எல்லா அமைதிப்படைகளுக்கும் சேர்த்து 2024-25 ஆண்டு பட்ஜெட் சுமார் 560 கோடி டாலர். சைப்ரஸ் படையில் சிப்பாய்கள் ஆயிரம் பேர்கூட இல்லை, அந்தச் செலவிலும் மூன்றில் ஒரு பங்கை சைப்ரஸ் அரசே கொடுக்கிறது.

உயிரும் போயிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அந்தத் தீவில் பணியாற்றிய 180க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் குடகு மண்ணின் ஜெனரல் திம்மையா. நம் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் போனார். 1965 டிசம்பரில், சைப்ரஸ் படைத் தளபதியாக இருக்கும்போதே அங்கே இறந்தார். சைப்ரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஆகவே நடுவர் அவர்களே, என் அணியின் கோரிக்கை இதுதான். படையின் பணிக்காலத்தை நீட்டியுங்கள். ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் இரு தரப்புத் தலைவர்களிடமும் இந்த ஆண்டு பேச்சில் என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். கேள்வி கேட்க வேண்டியது அவர்களைத்தான். இரு பக்கமும் கையெழுத்திட்ட உடன்பாடு வந்து, அது நடைமுறைக்கும் வந்த பிறகு படை வீடு திரும்பட்டும். அதுவரைக்கும் நீட்டிப்பே சரி என்று தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.