வளர்ந்த தெருவா, வாழ வைத்த ஊரா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பொங்கல் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி அம்மாக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மனதுக்கு நெருக்கமானது வளர்ந்த தெருவா, வாழ வைத்த ஊரா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஐயாவுக்குக் கொடுத்தது பத்து நிமிடம், அவர் எடுத்துக்கொண்டது இருபது. நடுவர் இரண்டு தடவை மணி அடித்தார். ஐயாவுக்குக் கேட்கவே இல்லை. முப்பது வருடமாகப் பெங்களூரு ஹாரன் கேட்டுப் பழகிய காது, பாவம்.

அவர் கேட்ட கேள்வி இரண்டு. "ரயில்கூட இல்லாத ஊர், இதன் மேல் என்னம்மா பாசம்?" என்றார். அப்புறம் என்னைக் கைகாட்டி, "அவ்வளவு பாசம் என்றால் கிருஷ்ணகிரிப் பழையபேட்டையை விட்டு ஓசூருக்கு ஏன் போனீர்கள்? வீட்டுக் கடன் எந்த ஊரில் வாங்கினீர்கள்?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் ரயில். இருந்தது ஐயா! திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் சின்ன ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அந்தப் பாதையை எடுத்துவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆயா. "இருந்த ரயிலைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க" என்று, ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் முந்தாநாள் நம் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி சொல்வார். ஐயா "ரயில் இல்லை" என்றதும் முன்வரிசையில் நாலு பேருக்கு முகம் சுண்டிப் போனது. ரயில் இல்லை என்று தினமும் திட்டுவது அவர்கள்தான். ஆனால் நம் பிள்ளையை நாம் திட்டலாம், பெங்களூரிலிருந்து வந்து ஒருவர் திட்டலாமா?

இன்னொன்றும் பாருங்கள். எங்கள் தாத்தா கல்யாணப் பத்திரிகையில் சேலம் ஜில்லா என்று இருக்கும். 1965-ல் தருமபுரி மாவட்டம் வந்தது, நான் பள்ளியில் சேர்ந்தபோது எழுதிய முகவரி அது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம். என் தம்பி மகன் எழுதுவது இது. மூன்று பேரும் ஒரே தெரு, ஒரு அடி நகரவில்லை. மாவட்டங்கள்தான் எங்கள் மேல் ஏறி இறங்கிப் போயின. மாவட்டம் என்ன, ராஜ்ஜியமே போயிருக்கிறது. 1791-ல் திப்பு சுல்தானோடு நடந்த மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயரின் கர்னல் மாக்ஸ்வெல் படை வந்து மலையடியில் இருந்த பேட்டையைப் பிடித்தது. மேலே கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனது. அடுத்த வருடம் ஒப்பந்தத்தில், பாராமகால் என்று சொன்ன இந்தப் பகுதியே ஆங்கிலேயரிடம் கைமாறியது. அப்போதும் பேட்டையில் யாராவது அடுப்பு மூட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

பழையபேட்டை என்றால் புளி. தை பிறந்துவிட்டால் மண்டிக்கு மூட்டை வர ஆரம்பிக்கும். மண்டிக்காரர் வீட்டுக்கு வீடு மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கொட்டை தெறிக்கும். பலமாகத் தட்டினால் கொட்டை உடைந்து புளியோடு கலந்துவிடும், கூலியில் பிடிப்பார்கள். மெதுவாகத் தட்டினால் கொட்டை வராது. அந்த நடு அடி இருக்கிறதே, அது கைக்கு வர எனக்கு ஒரு வருடம் ஆனது. தெரு முழுக்க டொக், டொக் என்று கேட்கும். எந்த வீட்டில் சத்தம் நின்றாலும் ஆயா தலையை நீட்டி, "என்னா, உடம்பு சரியில்லையா?" என்பார். விரலில் சின்ன வெட்டு இருந்தால் போதும், புளி பட்டு ராத்திரி முழுக்க எரியும். பள்ளிக்கூடத்தில் என் யூனிபார்ம் புளித்த வாடை அடிக்கிறது என்று ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்தாள். நான் சும்மா விடவில்லை. புளியங்கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்து அவள் கையில் ஒரு சூடு வைத்தேன். பிறகு அவள்தான் எனக்கு உயிர்த் தோழி.

இதில் பாசம் எங்கே இருக்கிறது, கஷ்டம்தானே இருக்கிறது என்று எதிரணி கேட்கலாம். கஷ்டம்தான். மறுக்கவில்லை. மறுபடி அந்த மூட்டை முன்னால் உட்காரச் சொன்னால் நான் ஓடியே போய்விடுவேன்.

ஆனால் கேளுங்கள். திண்ணையில் என்னோடு புளி தட்டிய அவ்வா தெலுங்கில் கதை சொல்வார். அடுத்த வீட்டு அக்கா கன்னடம். எதிர்வீட்டு நானி உருதுவில் திட்டுவார், அதிலும் ஒரு ராகம் இருக்கும். ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். என்னைவிட அதிக மார்க் வாங்கினவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "லாரிக்காரர்களிடம் பேச வேண்டும், தெலுங்கும் கன்னடமும் வருமா?" என்று கேட்டார் அதிகாரி. நான் அவ்வாவின் தெலுங்கில் நாலு வார்த்தை எடுத்து விட்டேன். அன்றே வேலை கிடைத்தது. ஐயா, என்னை வாழ வைத்த ஊர் எது என்று இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஓசூர் சம்பளம் கொடுக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு என்னைத் தயார் செய்து அனுப்பியது ஒரு திண்ணை.

வீட்டுக் கடன் ஓசூரில்தான் வாங்கினேன். பழையபேட்டையில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. லைன் வீடு, வாடகை. வீட்டுக்காரர் ஒரு மாதம் கெடு கொடுத்தார், காலி செய்தோம். இன்று அங்கே செல்போன் கடை இருக்கிறது. பட்டா ஓசூரில் இருக்கிறது, அதை வங்கி பத்திரமாக வைத்திருக்கிறது. வங்கிக்குத்தான் என் ஓசூர் வீட்டின் மேல் என்னைவிடப் பாசம். எனக்கு ஒன்றுமே சொந்தமில்லாத இடத்தைப் பஸ் தாண்டும்போது கழுத்து தானாகத் திரும்புகிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பெங்களூரில் இருந்தால் பெங்களூர்க்காரன் என்றார் ஐயா. நம் தோப்பில் காய்க்கிற மாம்பழத்துக்கு என்ன பெயர்? 'பெங்களூரா' என்கிற ரகம். வேர் எங்கே இருக்கிறது, நம் போச்சம்பள்ளியிலா, பெங்களூரு மெஜஸ்டிக்கிலா?

மணி அடித்துவிட்டார் நடுவர். எனக்குக் காது கேட்கும், முடித்துக்கொள்கிறேன்.

அந்த லைன் வீட்டை இடித்த அன்று நான் போயிருந்தேன். நாங்கள் புளி தட்டிய கல் மண்ணில் கிடந்தது, நடுவில் ஒரு குழியோடு. எங்கள் மூன்று தலைமுறை தட்டிய குழி. சாக்கில் கட்டி ஓசூர் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்லா? ஓசூர்ல கல்லுக்கா பஞ்சம்? சுத்தி அத்தனையும் குவாரி" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் பதில் சொல்லவில்லை. லக்கேஜ் டிக்கெட் கொடுங்கள் என்றேன்.

எதிரணி ஐயா கேட்டதும் கண்டக்டர் கேட்டதும் ஒரே கேள்விதான். அந்த டிக்கெட் இதோ, பர்ஸிலேயே இருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. நடுவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். தீர்ப்பு சொன்னதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் ஐயா.