மாமரத்தடி ஹெரால்டு

நேயர்களுக்கு வணக்கம்.

2022 மே மாதம் ஜெர்மனியில் ஒரு பழைய பென்ஸ் கார் ஏலம் போனது. 1955-இல் செய்தது, அந்த வகையில் இருப்பதே இரண்டுதான். விலை 13.5 கோடி யூரோ. நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காரைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆனால் அப்படி ஏறிய விலையின் சூடு நம் ஊர் மாமரத்தடி வரைக்கும் வந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் காரை விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த கார். உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். போனட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடியாக முன்னால் சாயும். எஞ்சின் அப்படியே வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

அப்படி உட்கார்ந்துதான் புதுப்பேட்டையில் ஒரு பாய் எனக்கு டாப்பெட் வைக்க, அதாவது எஞ்சின் வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியைச் சரிசெய்ய, சொல்லிக்கொடுத்தார். அந்த இடைவெளியை அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டு, “இழுங்க தம்பி. லூசா வரக்கூடாது, மாட்டவும் கூடாது. கொஞ்சம் பிடிச்சுப் பிடிச்சு வரணும்” என்பார். அந்தப் ‘பிடிச்சுப் பிடிச்சு’ என்னவென்று என் விரலுக்குப் புரிய நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இந்தக் காருக்கு ஒரு பலவீனம் உண்டு. பின்னால் குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைதான். 1996-இல் அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் அது உடைந்தது. வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. டீக்கடையில் விசாரித்தேன். பக்கத்து ஊரில் ஒரு வாத்தியார் வீட்டில் இதே வண்டி நிற்கிறது என்றார்கள். போனேன். மாமரத்தடியில் ஒரு ஹெரால்டு, கூரையெல்லாம் சருகு, டிக்கிக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. வாத்தியார் வெளியே வந்து பார்த்தார். “இது இனிமே ஓடாது தம்பி. வேண்டியதைக் கழட்டிக்கோங்க. ஓடுற வண்டிக்குப் போகட்டும்” என்றார். பணம் வாங்கவில்லை. சாப்பாடும் போட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்: வண்டி சரியானதும் ஒரு தடவை ஓட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். அடுத்த மாதமே காட்டினேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குள் அப்படித்தான். பிற்பாடு என்னிடம் கூடுதலாக இருந்த டைனமோவைத் திருச்சிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் இன்னொருவருக்கு ரேடியேட்டர் கொடுத்தார். யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

சரி, கதை இதோடு முடியவில்லை. சில வருடம் முன்பு ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் பளபளவென்று ஒரு ஹெரால்டைப் பார்த்தேன். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. வாத்தியாருடைய வண்டி! பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து குனிந்து பின்சக்கரத்துக்கு உள்ளே பார்த்தேன். ஸ்பிரிங் பட்டை இல்லை. நான் கழட்டிய இடம் காலியாகவே இருக்கிறது. சேஸிஸுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வாங்கிய விலை லட்சக்கணக்கில் என்று அங்கிருந்தவர் பெருமையாகச் சொன்னார்.

இதில் நான் நியாயமாகப் பேச வேண்டும். விலை ஏறியிருக்காவிட்டால் அந்த வண்டி காயலான் கடையில் கிலோ கணக்கில் போயிருக்கும். எத்தனையோ அப்படிப் போனது. விலைதான் அந்தத் தகரத்தைக் காப்பாற்றியது. ஆனால் ஓட்டத்தைக் காப்பாற்றவில்லை. திரும்பவும் சொல்கிறேன், தகரம் பிழைத்தது, ஓட்டம் பிழைக்கவில்லை.

இப்போது ஒரு கார்புரேட்டர் வேண்டும் என்று போன் செய்தால், “எவ்வளவு தருவீங்க?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. அவரைக் குறை சொல்ல மனமில்லை, அவரும் விலை கொடுத்து வாங்கியவர். எனக்கு உறுத்துவது வேறு. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஆசையாக வந்து நின்றால், அவனைப் போனட்டுக்குள் கை வைக்க விடுவார் யாரும் இல்லை. கீறல் விழுந்தால் விலை போய்விடுமே! அவன் விரலுக்கு டாப்பெட் எப்படிப் புரியும்? பாய் இப்போது இல்லை.

விலை என்றைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் இல்லை. 1988-இல் ஃபெராரி கார் நிறுவனத்தை உருவாக்கிய என்ஸோ ஃபெராரி இறந்தபோது அந்தக் கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே வேகத்தில் விழுந்தது. விலைக்காக வந்தவர்கள் விலையோடு போய்விடுவார்கள். அன்றைக்கு இந்த வண்டிகளைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். 2021-இல் வந்த மத்திய அரசு விதிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, அசல் நிலையில் உள்ள வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான். தினமும் ஓட்டுகிறவர்கள் யோசித்துப் பதியுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டு மாமரத்தடியில் ஏதாவது நின்றால் விற்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். வாங்க வருகிறவரிடம் ஓட்டுவீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வணக்கம்.