விண்டோஸ் 11-க்கு மாறியபின் கணினி எழாவிட்டால்

வணக்கம் நேயர்களே.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதையொட்டி வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஏராளமான கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாறின; இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை சிக்கலில்லாமல் மாறிவிடும். சில மட்டும் கடைசி ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எழுவதில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மேட் அடிச்சுப் புதுசா ஓ.எஸ். போட்டுடலாம் சார்" என்பதுதான் பல இடங்களில் முதலில் வரும் பதில். தயவுசெய்து அதற்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

காரணம் இதுதான். அப்கிரேடு நடக்கும்போது பழைய விண்டோஸ் அழிக்கப்படுவதில்லை. 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் அது அப்படியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. உங்கள் படங்கள், கணக்குகள், கடிதங்கள் எல்லாம் பெரும்பாலும் வட்டில் பத்திரமாகவே இருக்கும். உடைந்திருப்பது வழக்கமாக மூன்றில் ஒன்று: கணினி தொடங்கும் பாதை, கணினியின் ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைக்கும் டிரைவர் என்ற மென்பொருள், அல்லது விண்டோஸுக்கும் முன்பே ஓடத் தொடங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் மாறிப்போன ஒரு அமைப்பு. ஃபார்மேட் இந்த மூன்றையும் சரிசெய்துவிடும்தான். ஆனால் கூடவே உங்கள் கோப்புகளையும் கொண்டுபோய்விடும்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, கணினி எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறது என்பதை.

பவர் பொத்தானை அழுத்தியதும் தயாரிப்பாளரின் லோகோ வருகிறது, அடுத்து 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது என்றால், விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டுக்கு இடம்கொடுக்கும் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறை வேண்டும். அதற்காக யாரோ பயாஸுக்குள் போய் 'லெகசி' என்ற பழைய முறையில் இருந்ததை 'யூ.இ.எஃப்.ஐ.' என்று மாற்றியிருப்பார்கள். ஆனால் வட்டு பழைய எம்.பி.ஆர். முறையிலேயே பிரிக்கப்பட்டிருக்கும். யூ.இ.எஃப்.ஐ. முறைக்கு, ஜி.பி.டி. என்ற புதிய முறையில் பிரித்த வட்டு வேண்டும். இரண்டும் பொருந்தாததால் கணினி வட்டையே கண்டுகொள்ளாது. பயாஸில் மறுபடி 'லெகசி' அல்லது அதே பழைய முறைக்கு இடம்தரும் 'சி.எஸ்.எம்.' என்பதை இயக்குங்கள், பழையபடி எழுந்துவிடும். எழுந்த பிறகு வட்டை ஜி.பி.டி.க்கு மாற்றலாம். விண்டோஸிலேயே அதற்கான கருவி இருக்கிறது, பெயர் 'எம்.பி.ஆர். 2 ஜி.பி.டி.' கட்டளைகளை அடிக்கும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அந்தப் பெயரை இடைவெளியின்றி அடித்து, 'ஸ்லாஷ் வேலிடேட்', 'ஸ்லாஷ் அலவ்ஃபுல்ஓஎஸ்' என்று சேருங்கள். இது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று மட்டும் சொல்லும். சரி என்று வந்தால் 'வேலிடேட்' இருந்த இடத்தில் 'கன்வர்ட்' என்று போட்டு இயக்குங்கள். அதன்பிறகுதான் பயாஸில் யூ.இ.எஃப்.ஐ.க்கு மாற்ற வேண்டும்.

இங்கே நம் ஊர்க் கணினிகளுக்கே உரிய ஒரு தடங்கல் உண்டு. ஒரே வட்டை சி, டி, ஈ, எஃப் என்று பிரித்து வைப்பது நம்மிடம் நெடுநாள் வழக்கம். எம்.பி.ஆர். வட்டில் நான்கு பிரைமரி பகுதிகளுக்குமேல் வைக்க முடியாது என்பதால், பின்னால் உள்ளவை 'எக்ஸ்டெண்டட்' பகுதிக்குள் போய்விடும். மேற்சொன்ன கருவி அதை ஏற்காது. அதிகபட்சம் மூன்று பிரைமரி பகுதிகள்தான் இருக்கலாம், எக்ஸ்டெண்டட் பகுதி இருக்கவே கூடாது. அப்படியானால் ஈ, எஃப் பகுதிகளில் உள்ளதை வெளி வட்டுக்கு நகலெடுத்து, அந்தப் பகுதிகளை நீக்கிவிட்டுத்தான் மாற்ற முடியும். மற்றொன்று: மேசைக் கணினியில் பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்து, அதில் யூ.இ.எஃப்.ஐ. ஆதரவு இல்லையென்றால், சி.எஸ்.எம்.-ஐ நிறுத்தியதும் திரையில் ஒன்றுமே வராது. மதர்போர்டில் உள்ள காட்சி இணைப்புக்கு வயரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்த கட்டம், விண்டோஸ் தொடங்கி நீலத் திரையோடு நிற்பது. அண்மைய பதிப்புகளில் இது கருப்புத் திரையாகவே வருகிறது. அதில் உள்ள சொற்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று இருந்தால், விண்டோஸ் தொடங்கியது, ஆனால் தன் வட்டையே படிக்க முடியவில்லை என்று பொருள். பயாஸை அப்டேட் செய்யும்போதோ ரீசெட் செய்யும்போதோ வட்டோடு கணினி தொடர்புகொள்ளும் முறை 'ரெய்டு' அல்லது 'வி.எம்.டி.' என்பதிலிருந்து 'ஏ.ஹெச்.சி.ஐ.'க்கு மாறியிருக்கலாம், அல்லது இதிலிருந்து அதற்கு. முன்பு இருந்ததற்கே திருப்புங்கள். பல நேரம் அவ்வளவே போதும்.

புள்ளிகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் பொறுமைதான் வேண்டும். எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் அரை மணியில் முடியும் வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்கில் மூன்று மணி நேரம்கூட இழுக்கும். வட்டு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை கை வைக்காதீர்கள். பிரிண்டர், பென் டிரைவ், வெளி வட்டு, டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டையும் மவுஸையும் மட்டும் விடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். அவசியம். இந்த வேலையின் நடுவில் கரண்ட் போவதைவிடக் கேடானது வேறில்லை.

கடவுச்சொல் கொடுத்த பிறகு திரை கருத்து, மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறதா? அப்படியானால் விண்டோஸ் நன்றாகவே எழுந்துவிட்டது. கோளாறு காட்சியில் மட்டும்தான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். பயனில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் புதிய டாஸ்க் இயக்கும் இடத்தில் 'எக்ஸ்ப்ளோரர் டாட் இ.எக்ஸ்.இ.' என்று கொடுங்கள்.

இனி, சில கணினிகள் எழும்போது திடீரென்று கேட்கும் 48 இலக்க மீட்புச் சாவி. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மீட்க முடியாத இழப்பு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழையும் புதிய லேப்டாப்புகள் பலவற்றில், நாம் கேட்காமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கும். 'டிவைஸ் என்கிரிப்ஷன்', 'பிட்லாக்கர்' என்று பெயர். சாவி டி.பி.எம். சில்லுக்குள் இருக்கும். பயாஸ் அமைப்பு மாறினாலோ செக்யூர் பூட் மாறினாலோ, யாரோ உள்ளே கைவைத்துவிட்டார்கள் என்று கருதி அந்தச் சில்லு சாவியைத் தர மறுத்துவிடும். உடனே மீட்புச் சாவி கேட்கப்படும்: ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். வேறொரு கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸ் பகுதியில் 'ரெக்கவரி கீ' என்பதைப் பாருங்கள். திரையில் காட்டப்படும் அடையாளக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகளும் அங்கே உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கணினியைப் பிள்ளையோ கடைக்காரரோ அமைத்துத் தந்திருந்தால், சாவி அவர்களுடைய கணக்கில் இருக்கக்கூடும். அலுவலகக் கணினி என்றால் அலுவலகத்தின் கணினிப் பிரிவைக் கேட்க வேண்டும். சாவி எங்கேயும் இல்லையென்றால் அந்தத் தரவை மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது.

ஆகவே பயாஸுக்குள் போகும் முன்பே அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் 'கிளியர் டி.பி.எம்.' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். ஏ.எம்.டி. கணினிகளில் பயாஸ் அப்டேட்டுக்குப் பின், எஃப்.டி.பி.எம்.-ஐ, அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் டி.பி.எம்.-ஐ, ரீசெட் செய்ய 'ஒய்' அழுத்து, பழையதை வைத்துக்கொள்ள 'என்' அழுத்து என்று ஒரு கேள்வி வரலாம். சாவி கையில் இல்லாதவர்கள் 'என்' மட்டுமே அழுத்த வேண்டும்.

சரி, பயாஸில் பிழையில்லை, சாவியும் இருக்கிறது, ஆனாலும் எழவில்லை என்றால் மீட்புத் திரைக்குப் போக வேண்டும். லோகோ தெரிந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும், பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால், மூன்றாம் முறை மீட்புத் திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்.

எதையும் பழுதுபார்க்கும் முன் கோப்புகளைக் காப்பாற்றிவிடலாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'நோட்பேட்' என்று அடியுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் என்று போய், கோப்பு வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று வைத்தால், வட்டுகள் எல்லாம் அந்தச் சிறிய சாளரத்திலேயே தெரியும். உங்கள் ஃபோல்டரை காப்பி செய்து வெளி வட்டில் பேஸ்ட் செய்யலாம். மீட்புத் திரையில் சி என்பது டி என்றோ வேறொன்றாகவோ மாறித் தெரியலாம், பதற வேண்டாம். வட்டிலிருந்து 'டக் டக்' என்று ஒலி கேட்டால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். அப்கிரேடு பல ஜி.பி. அளவுக்கு எழுதும் வேலை. தேய்ந்துபோன வட்டுகள் அதைத் தாங்காமல் இந்த நேரத்தில் போய்விடுவதுண்டு. அத்தகைய வட்டில் நகலெடுக்கும் முன் வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் 'செக்டிஸ்க்' கட்டளையை ஓட்டினால், எஞ்சியதும் போகும்.

நகல் எடுத்தாயிற்று என்றால், முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. அது கைவிரித்தால் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக ரீஸ்டார்ட் செய்து, 4 என்ற எண்ணை அழுத்துங்கள், சேஃப் மோடு. இங்கே விண்டோஸ் தன் சொந்த டிரைவர்களை மட்டும் ஏற்றும். இதில் கணினி எழுந்துவிட்டால், குற்றவாளி வெளியிலிருந்து வந்த ஒரு டிரைவர் என்பது கிட்டத்தட்ட உறுதி. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் வீழ்ந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அது அப்கிரேடால் வந்ததன்று; கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான கோப்பால் வந்தது. தீர்வு, சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை அழிப்பது. எதையும் ஃபார்மேட் செய்யத் தேவையிருக்கவில்லை. உங்கள் கணினியிலும் அதே வழிதான்: வெளி நிறுவன ஆன்டிவைரஸை நீக்குங்கள், டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் டிரைவருக்கு 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள், பிறகு இயல்பாகத் தொடங்கிப் பாருங்கள். அப்கிரேடு பாதியில் நின்று பழைய விண்டோஸுக்கே தானாகத் திரும்பி, 0 எக்ஸ் சி1900101 என்ற பிழை எண் வந்தாலும், பார்க்க வேண்டியது டிரைவரைத்தான்.

சேஃப் மோடும் வரவில்லை, யூ.இ.எஃப்.ஐ. கணினிதான் என்றால், தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதலாம். எழுதுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் வால்யூம்'. பட்டியலில் ஃபேட்32 என்று, 100 எம்.பி. அல்லது சற்றுக் கூடுதலாக உள்ளதுதான் தொடக்கப் பகுதி. உங்கள் பென் டிரைவும் ஃபேட்32 ஆக இருக்கலாம், அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அதன் எண் 3 என்றால் 'செலக்ட் வால்யூம் 3', பிறகு 'அசைன் லெட்டர் ஈக்வல் எஸ்', பிறகு 'எக்ஸிட்'. அடுத்து ஒரே வரியில்: பிசிடிபூட், இடைவெளி, சி கோலன் பேக்ஸ்லாஷ் விண்டோஸ், இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, எஸ் கோலன், இடைவெளி, ஸ்லாஷ் எஃப், இடைவெளி, யூ.இ.எஃப்.ஐ. விண்டோஸ் இருக்கும் எழுத்து டி என்று தெரிந்தால், சி இருக்கும் இடத்தில் டி போடுங்கள். 'பூட்ரெக் ஸ்லாஷ் ஃபிக்ஸ்பூட்' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இத்தகைய கணினிகளில் அது 'ஆக்சஸ் டினைடு' என்றே பெரும்பாலும் முடியும். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எதுவும் கைகொடுக்காவிட்டால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். மீட்புத் திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', அதில் 'லேட்டஸ்ட் ஃபீச்சர் அப்டேட்'. கோப்புகள் இருக்கும்; அப்கிரேடுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போகும். ஆனால் இதற்குக் கெடு பத்தே நாள். அதற்குள் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் டாட் ஓல்ட்'டை அழித்தவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டுவிடும்.

கணினி எழுந்த பிறகு இரண்டு கட்டளைகளை ஓட்டிவிடுங்கள். முதலில் 'டிஸ்ம் ஸ்லாஷ் ஆன்லைன் ஸ்லாஷ் கிளீனப் ஹைஃபன் இமேஜ் ஸ்லாஷ் ரெஸ்டோர்ஹெல்த்'; அடுத்து 'எஸ்.எஃப்.சி. ஸ்லாஷ் ஸ்கேன்நவ்'. இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும், இரண்டாவது கட்டளை நல்ல கோப்புகளை எடுப்பது முதலாவது சரிசெய்து வைத்த இடத்திலிருந்து. டிரைவர்களைக் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிப்பதாக விளம்பரப்படுத்தும் மென்பொருள்கள் வேண்டாம். கடைசியில் புதிதாகவே விண்டோஸ் நிறுவ நேர்ந்து, பழைய தமிழ்க் கடிதங்களின் எழுத்துரு மாறித் தெரிந்தால், செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் சென்று 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேருங்கள். லதா, விஜயா என்ற எழுத்துருக்கள் திரும்பிவிடும்.

தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 24ஹெச்2 பதிப்பு முதல், செயலியில் எஸ்.எஸ்.இ. 4.2 என்ற வசதி இல்லையென்றால் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. கோர் 2 டியோ போன்ற பழைய செயலிகள் இதில் அடங்கும். இது பழுதன்று, எந்தக் கட்டளையாலும் தீராது. அந்தக் கணினிகளை விண்டோஸ் 10-லேயே வைத்து, செட்டிங்ஸின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்துக்குப் பதிவுசெய்யலாம். வீட்டுக் கணினிகளுக்கு அந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. அதற்குப் பிறகு, விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து, வட்டைத் தொடாமலேயே, முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வை-ஃபையும் பிரிண்டரும் அதில் வேலை செய்தால், பிறகு நிறுவலாம்.

வணக்கம்.