இருபது வருஷம் ஒரே கம்பெனி

நேயர்களுக்கு வணக்கம்.

“மேடம், இருபது வருஷம் ஒரே கம்பெனியில இருந்துட்டேன். இனிமே எனக்கு யார் வேலை கொடுப்பாங்க?”

ஐ.டி. கம்பெனியில் வேலை போய், யோசனை கேட்டுச் சனிக்கிழமை காலையில் சென்னை மேடவாக்கத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதற்குள் ரெஸ்யூமே, ரிலீவிங் லெட்டர், பதினைந்து வருட சேவைக்காக மேடையில் கூப்பிட்டுக் கொடுத்த சான்றிதழ். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் இதைத்தான் கேட்பார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்கும். நாள் ஆகும், சம்பளம் இறங்கலாம், பதவியின் பெயர் மாறலாம். ஆனால் கிடைக்கும். நாம் முதலில் போய்த் தேடுகிற இடத்தில் கிடைப்பதுதான் அபூர்வம்.

எனக்கும் இது நடந்தது. 2017-இல், பதினெட்டு வருடம் வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு லேப்டாப்பையும் ஐ.டி. கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் வருகிறவர்களுக்கு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அனுபவம் உள்ளவர்களை ஏன் அனுப்புகிறார்கள் என்பது வீட்டில் பலருக்குப் புரிவதில்லை. “ஏதோ தப்புப் பண்ணியிருப்பான்” என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு வரும். தப்பு ஒன்றும் இல்லை. ஐ.டி. சேவை நிறுவனங்களில் மேலே சிலர், கீழே கல்லூரி முடித்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர். வருஷம் ஏற ஏற எல்லாரும் நடுவில் வந்து சேர்கிறார்கள். வாடிக்கையாளர் செலவைச் சுருக்கினால், பெரிய சம்பளம் அந்த நடுவில்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அதில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள் என்றுதான் சொன்னது. அந்த வாரம் என் போன் ஓயவே இல்லை.

சரி, ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வயது 48. மெயின்ஃபிரேம் ஆள். மெயின்ஃபிரேம் என்பது வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருக்கிற பெரிய கணினி. ராத்திரி நாம் தூங்குகிற நேரத்தில் லட்சக்கணக்கான கணக்குகளுக்கு அது வரிசையாக வட்டி போட்டுக்கொண்டிருக்கும். இவர் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து ஒரு இங்கிலாந்து வங்கியின் கணினியை 21 வருஷம் பார்த்துக்கொண்டவர். அந்த வங்கியின் வேலை வேறு கம்பெனிக்குப் போனது, இவருக்கு வேலை போனது.

ரெஸ்யூமே ஏழு பக்கம். நான் ஒரு பென்சிலை எடுத்து, அவருடைய பழைய கம்பெனிக்குள் மட்டும் புழங்குகிற சொற்களை ஒவ்வொன்றாக வட்டம் போட்டேன். 43 வட்டம் வந்தது. உள்ளே செய்துவைத்த டூலின் பெயர், துறையின் சுருக்கப் பெயர், அந்தக் கட்டடத்தைத் தாண்டினால் அர்த்தமே இல்லாத கிரேடு. வெளியாள் ஒருவர் இதைப் படித்தால் இவர் என்ன வேலை செய்தார் என்றே தெரியாது. அவருக்கும் இது தெரியவில்லை. 21 வருஷம் அந்த மொழியைத்தானே பேசினார்!

பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “சார், கடைசியா உங்களைத் தூக்கத்திலேர்ந்து எழுப்பினது எப்போ?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். நவம்பர் மாதக் கடைசி. விடிகாலை ஐந்தரைக்கு போன். இங்கிலாந்தில் அப்போது நள்ளிரவு. வட்டி போடுகிற ஜாப், அதாவது அந்தக் கணக்கைப் போடுகிற புரோகிராம் ஓட்டம், பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பிழைக்குப் பெயர் சாக்செவன். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் மெயின்ஃபிரேம் ஆட்கள் இருந்தால் இந்தப் பெயரைக் கேட்டதும் தலையாட்டுவார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று வந்துவிட்டது, கணினிக்குக் கூட்டத் தெரியவில்லை, நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

டியூட்டியில் இருந்த பையன்கள் முழு ஜாபையும் முதலிலிருந்து ஓட்டிவிடலாம் என்றார்கள். இவர் தடுத்தார். அப்படி ஓட்டினால் ஏற்கெனவே வட்டி ஏறிய கணக்குகளில் இரண்டாவது தடவையும் வட்டி ஏறிவிடும். எந்தப் பதிவில் நின்றது என்று பார்த்தார். தொகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வந்திருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து மேலே ஓட்டச் சொன்னார். கிளைகள் திறக்கும் நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அதன்பிறகுதான் பல் தேய்க்கவே போனார்.

“இது ரெஸ்யூமேயில எங்க சார் இருக்கு?” என்று கேட்டேன்.

“இதுல என்ன மேடம் இருக்கு, டெய்லி நடக்கறதுதானே.”

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. டெய்லி நடக்கிறது என்று அவர் ஒதுக்கிவைத்ததற்குத்தான் வெளியில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் புரோகிராம் எழுதுகிற கோபால் (COBOL) 1959-இல் உருவாகத் தொடங்கிய கணினி மொழி. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். வேலையிழந்தவர்களுக்குப் பணம் கொடுக்கிற கணினிகள் அந்தப் பழைய மொழியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. தொழில்நுட்பம் பழசு என்பதால் மட்டும் யாரும் வேலைக்கு ஆகாமல் போய்விடுவதில்லை.

ஏழு பக்கத்தை இரண்டு பக்கமாக்கினோம். இந்த மாதிரி நாலு சம்பவம், வெளியாளுக்குப் புரிகிற சொற்களில்.

அப்புறம் இரண்டாவது கேள்வி. “உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டுப் போன பிள்ளைங்க எல்லாம் இப்போ எங்க இருக்காங்க?” அதுவரைக்கும் அவர் தினமும் வேலைவாய்ப்பு போர்ட்டலில் அப்ளை செய்துகொண்டிருந்தார், பதில் வரவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. நம்மிடம் வேலை கற்றவர்களிடம் போய் எப்படிக் கேட்பது? மூன்று வாரம் தள்ளிப்போட்டார். கடைசியில் 2015-இல் விலகிப்போன ஒரு பெண்ணுக்கு போன் செய்தார். “சார், நீங்களா! ஏன் சார் முதல்லயே சொல்லலை?” என்று அந்தப் பெண் கோபித்துக்கொண்டது. அவள் இருந்த காப்பீட்டு நிறுவனத்தின் கிண்டி அலுவலகத்தில் இரண்டு மாதத்தில் சேர்ந்தார். சம்பளம் முன்பைவிடக் குறைவுதான். ஆனால் வீட்டுக் கடன் தவணை தவறவில்லை.

எனக்கும் வேலை இப்படித்தான் கிடைத்தது. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பையன் மூலமாக.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களிடம் இதையே விசாரித்து, 1973-இல் எழுதினார். பாதிக்கு மேற்பட்டவர்கள் தெரிந்தவர்கள் மூலம்தான் வேலை பிடித்திருந்தார்கள். அந்தத் தெரிந்தவர்களிலும் அடிக்கடி பார்க்கிறவர்கள் ஆறில் ஒரு பங்குதான். எப்போதாவது பார்க்கிறவர்களே அதிகம். காரணம் எளிது. தினமும் நம்மோடு சாப்பிடுகிறவருக்கு நமக்குத் தெரிந்த காலியிடம்தான் தெரியும். ஒரே கம்பெனியில் இருந்தவர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். கூடவே இருந்தவர்களுக்கும் அதே நாளில் வேலை போயிருக்கும். முன்னாலேயே விலகிப் போனவர்களைத் தேடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், முன்னாலேயே போனவர்களை.

எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிப் பத்து வருஷம் கையால் எந்த வேலையும் செய்யாமல், எக்செல் ஷீட்டில் ஆட்கணக்கு மட்டும் பார்த்தவர்களுக்குக் கஷ்டம் அதிகம். அவர்களிடம் நான் மூன்று மாதம் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைக் கையால் செய்யப் பழகச் சொல்கிறேன். செய்தவர்களுக்கு வழி பிறந்திருக்கிறது.

கம்பெனிகளும் நினைத்தால் செய்யலாம். நோக்கியா 2008-இல் ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற நகரத்தில் இருந்த தொழிற்சாலையை மூடியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதில் பாடம் படித்து, 2011-இல் போன் தொழில் சரிந்தபோது ‘பிரிட்ஜ்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 13 நாடுகளில் 18,000 பேர். வேலை தேட உதவி, படிக்கப் பணம், தொழில் தொடங்க முதல். சுமார் 1,000 புதிய நிறுவனங்கள் பிறந்தன. வெளியே போகிற நாளிலேயே 60 சதவீதம் பேருக்கு அடுத்து என்ன என்பது தெரிந்திருந்தது. ஒரே மத்தியானத்தில் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்புவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்கிறார்கள். சட்ட விஷயங்களை நிதானமாகப் பேச நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராஜினாமாக் கடிதத்தை நீட்டி உடனே கையெழுத்துக் கேட்டால், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால், ஆட்குறைப்புக்கான இழப்பீடு கேட்பது சிரமம். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது, அந்தச் சங்கங்களிடம் போய் யோசனை கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு கிராஜுவிட்டி உண்டு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளக் கணக்கு, அதைச் சரிபாருங்கள். அப்புறம் மருத்துவக் காப்பீடு. அது பெரும்பாலும் வேலையோடு சேர்ந்து போய்விடும். வயதான அப்பா அம்மா அந்தப் பாலிசியில் இருந்தால், கடைசி நாளுக்கு முன்னாலேயே அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஒன்றை மறந்துவிட்டு, அம்மாவின் ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.