பழைய புடவையைப் போகிக்குப் போடாதீங்க

நேயர்களுக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறேன். பழைய புடவைகளை மடித்து அடுக்கிக் கையால் தைக்கிற போர்வையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளையும் எங்கள் வீட்டு நாயையும் விட்டுவிட்டு இதைப் பேச எனக்கு வராது. நான் ஊசியைக் கையில் எடுத்தால் மூன்று பிள்ளைகளும் ஒரு நாயும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும், அவர்களோடுதான் எந்தப் போர்வையும் முடிந்திருக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், நடுவில் இன்னொரு தடவையும் சொல்வேன். பழைய காட்டன் புடவையைத் தெருவில் வருகிற பாத்திரக்காரரிடம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குப் போடாதீங்க. போகியன்று நெருப்பிலும் போடாதீங்க. பத்துப் பதினைந்து வருஷம் கட்டித் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி இருக்கிறதே, அது காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது.

ஒரு புடவை ஐந்தரை மீட்டர். அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஒரு ஆள் போர்த்திக்கொள்ள அது போதும். உள்ளே பஞ்சு எதுவும் வேண்டாம். நம்ம ஊரில் மார்கழி ராத்திரியே 20 டிகிரிக்குக் கீழே போனால் பேப்பரில் போடுகிறார்கள், இதில் பஞ்சு வைத்த ரஜாயை யார் போர்த்திக்கொள்வது? மூன்று மடிப்புப் புடவை என்றால் ஃபேன் காற்றுக்கும் சரி, விடியற்காலைப் பனிக்கும் சரி, போதுமானது. குழந்தைக்குக் கீழே விரிக்கலாம். மழையில் துணி காயாத நாளிலும் சீக்கிரம் உலரும்.

புதுத் துணியில் தைத்தால் என்ன என்று கேட்பார்கள். புதுக் காட்டன் முதல் துவையலில் சுருங்கும், ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் போர்வை முழுக்க முண்டும் முடிச்சுமாக இழுத்துக்கொண்டு நிற்கும். சாயமும் போகும். நம்ம மெட்ராஸ் பெயரையே வைத்து விற்ற கட்டம் போட்ட துணி இதற்குப் பேர் போனது. 1958-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடை அந்தத் துணியில் உடுப்பு தைத்து விற்றது. வாங்கினவர்கள் துவைத்ததும் சாயம் ஓடி, சண்டைக்கே வந்துவிட்டார்கள். அப்புறம் அதையே 'கட்டாயம் சாயம் போகும்' என்று விளம்பரம் செய்து விற்று, எல்லாரும் தேடி வாங்கினார்கள் என்பது அதற்குப் பின்னால் வருகிற கதை. போர்வைக்கு அந்த வேலை ஆகாது. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போன துணிதான் வேண்டும். அது உங்கள் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்குத் துணி புதிதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் நெசவாளர்களிடம் வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். இன்றைக்கும் தீபாவளி நெருங்கினால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. எங்க அப்பா பெரம்பூரில் பின்னி மில்லில் இருந்தார். 1918-ல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளிகளால்தான், அதை எங்கள் வீட்டில் சோறு போடும்போதுகூடப் பேசுவார்கள். 1996-ல் மில்லை மூடிவிட்டார்கள். அப்பாவின் காக்கிச் சட்டையில் ஒரு துண்டை அம்மா ஒரு போர்வையின் நடுவில் வைத்துத் தைத்திருந்தார்கள். காக்கி கெட்டித் துணி, ஊசி இறங்காது, ஒவ்வொரு குத்துக்கும் ஊசியின் தலையை அம்மிக்கல்லில் வைத்து அழுத்தினார்கள். சுற்றியிருந்த புடவையெல்லாம் நைந்து மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. அந்தக் காக்கித் துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது, இப்போது என் பெரிய பேத்தியின் போர்வையில்.

சரி, தைப்பதற்கு வருகிறேன். துணியைத் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, முதலில் பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்க. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் துணி நடுவில் குவிந்துகொள்ளும், அப்புறம் பிரிக்கத்தான் வேண்டும். விரிப்பு நகராமல் நாலு மூலையிலும் பாரம் வைக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மூன்று மூலைக்குப் பேரப்பிள்ளைகள், நாலாவது மூலைக்கு அரிசி டப்பா. மூலையில் உட்காருவதற்கு ஒரு சண்டை வரும். காக்கி தெரிகிற போர்வை தனக்குத்தான் என்று பெரியவள், எப்போதும் அரிசி டப்பா பக்கமே தன்னை உட்கார வைக்கிறேன் என்று நடுவுள்ளவன். கடைக்குட்டிக்கு ஊசியில் நூல் கோப்பதுதான் வேலை. எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகும் விளக்கு வெளிச்சத்தில் ஊசிக் காது சரியாகத் தெரிவதில்லை, அவன் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணு குடு ஆயா" என்று கையை நீட்டுவான்.

பிள்ளைகள் சும்மா உட்கார மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். இது யாருது, இது எப்போ எடுத்தது, இதில் ஏன் மஞ்சள் கறை. அந்த மஞ்சள் அவர்கள் அம்மாவின் வளைகாப்பில் பட்டது. இதையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? கையில் துணி இருந்தால் தானாகக் கேட்கிறார்கள். பெரியவள் செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வரிசை ஓட்டுத் தையல் போடுவாள், நேராக வரும். நடுவுள்ளவன் போட்டால் ஒரு தையல் நெல் அளவு, அடுத்தது விரல் அளவு. அதை நான் பிரிப்பதில்லை. அவன் போர்வையைத் திருப்பித் திருப்பி தன் வரிசை எங்கே என்று தேடிப் பார்ப்பான், அந்தத் தையலைப் பிரிக்க எனக்கு மனசு வராது.

இப்போது நாய். பெயர் பன்னு. டீக்கடையில் போட்ட பன்னைத் தின்று வளர்ந்ததால் பிள்ளைகள் வைத்த பெயர். செவலை நிறத் தெருநாய், கருத்தடை செய்த அடையாளமாக ஒரு காதின் நுனி கத்தரித்திருக்கும், வருஷா வருஷம் வெறிநாய்க்கடி ஊசி போட்டுவிடுகிறோம். நான் துணியை விரித்து நிமிர்வதற்குள் அது நட்டநடுவில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்திருக்கும். எழுப்பினால் எழுந்து போய், நாம் அந்தப் பக்கம் திரும்பினதும் பார்டரைக் கவ்வி இழுக்கும். "ஆயா, பன்னு இஸ்துகினு ஓடுது!" என்று தெருவுக்கே கேட்கும்.

இந்தப் பன்னு செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு போகி. எங்கள் தெருவில் விடியற்காலை நாலு மணிக்கே பிள்ளைகள் மேளம் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பன்னுவுக்கு மேளச் சத்தம் ஆகாது, கட்டிலுக்கு அடியில் போய்விடும். அன்றைக்கு என்னவோ கதவு திறந்ததும் வெளியே பாய்ந்தது. எதிர்வீட்டு அம்மா எரிப்பதற்காகப் பழைய பாய், துடைப்பம், ஒரு துணி மூட்டை எல்லாம் வாசலில் வைத்திருந்தார்கள். பன்னு மூட்டையில் வாயை வைத்து ஒரு புடவையை உருவியது, உருவிக்கொண்டு ஓட்டம். பின்னால் எதிர்வீட்டு அம்மா, அவர்களுக்குப் பின்னால் என் பேரப்பிள்ளைகள், மேளம் அடித்த பையன்கள் மேளத்தோடு. குழாயடியில் வரிசையாக வைத்திருந்த குடங்கள் உருண்டன. கடைசியில் முக்கில் நின்ற மீன்பாடி வண்டிக்கு அடியில் நுழைந்தது, புடவை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது, பன்னு விடவில்லை, எதிர்வீட்டு அம்மாவும் விடவில்லை. பெரியவள் குனிந்து மெதுவாகப் பேசித்தான் வாயிலிருந்து எடுத்தாள்.

எதிர்வீட்டு அம்மாவுக்குக் கோபம். நாயைக் கட்டிப் போடக்கூடாதா என்று சத்தம் போட்டபடியே புடவையை உதறினார்கள், உதறினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஊதாச் சுங்குடி. அவங்க மகளுக்குக் காது குத்தின அன்றைக்குக் கட்டியது, அந்த மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். "இது எப்படிக்கா மூட்டைக்குள்ள வந்துச்சு" என்று என்னையே கேட்டார்கள். நான், "எரிக்காதம்மா, எனக்குக் குடு, உன் பேத்திக்குத் தைச்சுத் தரேன்" என்றேன். மூட்டையோடு கொடுத்துவிட்டார்கள். அதில் பாதி பாலியஸ்டர், அது போர்வைக்கு ஆகாது, வியர்வை வாங்காது. எது காட்டன் என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சின்ன மணியாகக் கெட்டிப்படும். இதைத்தான் மூட்டை மூட்டையாகப் போகியில் போடுகிறோம். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து மூடி, விமானங்கள் சென்னையில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் புகையை மூச்சில் வாங்கியது நம்ம பிள்ளைகள். ஆகவே இன்னொரு தடவை சொல்கிறேன், பழைய புடவையை நெருப்பில் போடாதீங்க.

நாய், பூனை வளர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசியும் நூலும் தரையில் கிடக்கவே கூடாது. நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி இழுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் நீங்களாக இழுக்காதீங்க, உடனே டாக்டரிடம் கொண்டு போங்க. நம்ம பக்கத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாவில்தான் ஊசி. எடுத்தது எத்தனை, வைத்தது எத்தனை என்று கடைக்குட்டி எண்ணிச் சொன்ன பிறகுதான் டப்பாவை மூடுவோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கையைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டது. ஓரம் அடிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளி போதும். ஓரத்துக்குப் புடவையின் பார்டரையே கிழித்து மடித்துத் தையுங்க, முதலில் நையப்போவது ஓரம்தான். தைக்கும் முன்னால் புடவையில் கஞ்சி இல்லாமல் அலசிவிடுங்க, கஞ்சி இருந்தால் கரப்பான் வரும். மிஞ்சின துண்டை நாலாக மடித்துத் தைத்து வாசல் பக்கம் போட்டால் மழை நாளில் தெருநாய் ஒன்று படுத்துக்கொள்ளும். தைத்து முடித்ததைப் பீரோவில் வைக்காதீங்க, அன்றைக்கு ராத்திரியே பிள்ளைக்குப் போர்த்துங்க. நன்றி, வணக்கம்.