கைப்பிடி இல்லாத கதவு

[திரை: கதவு மட்டும், மிக அருகில்]

முதலில் கதவைப் பாருங்கள். ஆளை அப்புறம் பார்க்கலாம். ஆணியெல்லாம் துரு. பலகையோடு ஒட்டிக் கொடி படர்ந்திருக்கிறது. கீழே இடுப்பளவு களை. திறந்து பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். சரி, கைப்பிடி எங்கே?

[திரை: முழு ஓவியம்]

வில்லியம் ஹோல்மன் ஹன்ட் வரைந்த ‘உலகின் ஒளி’ இது. 1851-ல் தொடங்கி, 1854-ல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார். இப்போது ஆக்ஸ்ஃபோர்டில், கீபிள் கல்லூரியில் இருக்கிறது. “இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்” என்ற பைபிள் வசனம்தான் இதற்கு மூலம். இயேசு கதவைத் தட்டும் காலண்டர் படங்களை நம் ஊர் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள்.

கைப்பிடியை ஹன்ட் மறந்துவிடவில்லை. அது உள்பக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். பிடிவாதமாக மூடிக்கொண்ட மனம்தான் இந்தக் கதவு, அன்றாட அலட்சியம்தான் களை, இருட்டில் பறக்கும் வௌவால் அறியாமை என்று பின்னாளில் அவரே விளக்கினார். ஆனால் இப்படி அர்த்தம் எழுதிக்கொண்டே போனால் ஓவியம் விடுகதைப் புத்தகம் ஆகிவிடும். பார்த்ததும் மனதில் ஒரு கனம் இறங்குகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

[திரை: விளக்கு, பிறகு மெதுவாகத் தலைக்குப் பின்னுள்ள வட்டம்]

வெளிச்சத்திலிருந்து. இங்கே இரண்டு வெளிச்சம். கைவிளக்கின் வெளிச்சம் சூடானது; கதவு, களை, உதிர்ந்த ஆப்பிள் என்று நம் குறைகள் மேலேயே விழுகிறது. அதை மனசாட்சி என்றார் விமர்சகர் ஜான் ரஸ்கின். தலையைச் சுற்றியுள்ள வெளிச்சம் நிலாபோல மென்மையானது. அது மீட்பின் நம்பிக்கை. முள்முடியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், முள் துளிர் விட்டிருக்கிறது!

சுற்றிலும் நீலமும் பச்சையும் கலந்த குளிர். அது ஸ்டுடியோவில் யோசித்துப் பூசிய குளிர் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், திறந்தவெளியில், வைக்கோல் திணித்த சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு இரவெல்லாம் நிலவொளியில் வரைந்தார் மனிதர். குளிர் அவர் எலும்பில் ஏறித்தான் ஓவியத் துணியில் இறங்கியிருக்கிறது.

[திரை: முகம். இசை நிற்கிறது]

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. தட்டுகிறவர் கதவைத்தானே பார்க்க வேண்டும்? இவர் பார்ப்பது இந்தப் பக்கம், நம்மை.