விட்டு விட்டுக் குளிரும் ஃப்ரிட்ஜ்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃப்ரிட்ஜ் மொத்தமாக நின்றுபோனால் ஒரு விதத்தில் நல்லது. மெக்கானிக் வரும்போதும் அது நின்றேதான் கிடக்கும், கோளாறைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆளைப் படுத்தி எடுப்பது வேறு ரகம். ராத்திரி பால் திரிந்திருக்கும், காலையில் தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஜில்லென்று இருக்கும். ஆளைக் கூப்பிட்டால் அவர் வருகிற நேரத்துக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். "நல்லாத்தானே இருக்கு" என்று அவர் போய்விடுவார். இல்லையென்றால் ஊகமாக ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போவார். இரண்டு நாளில் பழைய கதைதான்.

பல வருடங்களாக ஃப்ரிட்ஜ் பழுது பார்த்து வருகிறேன். விட்டு விட்டு வருகிற கோளாறில் நான் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை குளிர் விட்டுப்போகிறது என்பதுதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறையா, தினமும் ஒரே வேளையிலா, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையா? அந்த இடைவெளியை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அதைக் கவனிக்க, வீட்டில் இருக்கிற உங்களால்தான் முடியும். அரை மணி நேரம் வந்துபோகிற எங்களால் முடியாது.

சரி, எப்படிக் கவனிப்பது? கையால் தொட்டுப் பார்ப்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு, நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் காற்றின் சூடு சட்டென்று மாறிவிடும், தண்ணீரின் சூடு அப்படி மாறாது. காலையில் அது 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. கூடவே ஒரு தாளில் மணி, டிகிரி, கம்ப்ரசர் ஓடியதா, உள்ளே ஃபேன் சத்தம் கேட்டதா, விளக்கு எரிந்ததா என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதை மட்டும் கோளாறு என்று எழுத வேண்டாம். போதுமான குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் அதை நிறுத்தத்தான் செய்யும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வைத்த மாடல்களோ மெதுவாக, ஏறக்குறைய ஓயாமல் ஓடும். அதுவும் இயல்புதான்.

இப்போது நிமிடக் கணக்கில் விடுகிற ரகத்தைப் பார்ப்போம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அடிப்பக்கமாகக் காதை வைத்துக் கேளுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். உடனே கனமான ஒரு ரீங்காரம். சில நொடிகள் கழித்து மறுபடி 'டிக்', அப்புறம் அமைதி. சில நிமிடங்கள் போனதும் அதே டிக், அதே ரீங்காரம். இப்படிக் கேட்டால் கம்ப்ரசர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை என்று அர்த்தம். ஓடுவதைவிடக் கிளம்புவதற்குக் கம்ப்ரசருக்கு மிக அதிகமான கரண்ட் வேண்டும். அதைக் கொடுத்துக் கிளப்பிவிடுவது ஸ்டார்ட் ரிலே. கிளம்பாமல் திணறினால் கம்ப்ரசர் எரிந்துபோகாதபடி இணைப்பைத் துண்டிப்பது ஓவர்லோட். அது ஆறியதும் திரும்ப இணைக்கும். எப்போதாவது ஒரு முயற்சி பலித்துவிடும், அன்றைக்கு ஃப்ரிட்ஜ் குளிரும்.

ரிலே உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பாகம். அதை மாற்றியே எத்தனையோ ஃப்ரிட்ஜ்கள் சரியாகியிருக்கின்றன. கம்ப்ரசர் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், ரிலேயையும் ஓவர்லோடையும் சோதித்தாரா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் நீங்களே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். சிறிது நேரம் ஓடிய பிறகு பிளக் தொட்டால் சுடுகிறது என்றால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. அந்த சாக்கெட்டை மாற்றாமல் அதில் ஃப்ரிட்ஜை ஓட்டாதீர்கள். இன்னொன்று, அணைத்த கையோடு திரும்பப் போடாதீர்கள். கம்ப்ரசர் நின்றதும் குழாய்களில் ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் கூடவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சமமாக ஐந்து நிமிடமாவது விட வேண்டும். ஸ்டெபிலைசர்கள் தாமதித்து இணைப்புக் கொடுப்பது இதற்காகத்தான்.

சூட்டை வெளியே விடும் குழாய் அமைப்பான கண்டென்சரில் தூசி அடைத்திருந்தாலும் கம்ப்ரசர் சூடேறி இதே மாதிரி நின்றுவிடும். ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளுகிற வழியில் கம்பளி போலத் தூசி படிந்தால் சூடு எங்கே போகும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷால் துடைத்து, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

தினமும் ஒரே வேளையில் விட்டால் வெளியே காரணம் தேடலாம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறதா, பிற்பகல் வெயில் பக்கவாட்டில் விழுகிறதா, சமையல் நேரத்தில் கதவு ஓயாமல் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள். குளிர்கால ராத்திரியில் மட்டும் ஃப்ரீசர் இளகுகிறது என்றால் காரணம் தலைகீழ். அறையே குளிர்ந்திருப்பதால் கீழ்ப்பகுதியில் உள்ள தெர்மோஸ்டாட் 'போதும்' என்று கம்ப்ரசரை ஓட விடுவதில்லை. ஃப்ரிட்ஜின் விவரத்தகட்டில் தட்பவெப்ப வகை போட்டிருக்கும். 'என்' வகை என்றால் 16 முதல் 32 டிகிரி வரை உள்ள அறைக்குத்தான் அது செய்யப்பட்டது. 'எஸ்என்' என்றால் 10 டிகிரி வரை தாங்கும்.

நாள் கணக்கில் விடுகிற ரகம்தான் மக்களை அதிகம் அலைக்கழிக்கிறது. ஒரு வீட்டில் சொன்னார்கள்: "அணைத்துப் போட்டுத் துடைத்து வைத்தால் பத்து நாள் அருமையாக ஓடுகிறது. அப்புறம் கீழ்த்தட்டு சூடாகிவிடுகிறது." அதற்குள் தெர்மோஸ்டாட்டை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள், கேஸும் ஏற்றியிருந்தார்கள். கதவைத் திறக்காமல் காதை வைத்தேன். உள்ளே ஃபேன் இறக்கை எதிலோ 'கிர்ர்' என்று உரசுகிற சத்தம். ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றினால், குளிர் தரும் குழாய்ச் சுருளான காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரே வெள்ளைப் பனி.

நடந்தது இதுதான். பனி தானாக உருகும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்கள் பலவற்றில் ஒரே காயில்தான் இரண்டு அறைக்கும் குளிர் தருகிறது, ஃபேன் அந்தக் காற்றைக் கீழே அனுப்புகிறது. காயிலில் படியும் பனியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் உருக்கிவிட வேண்டும். அந்த வீட்டில் ஹீட்டரின் கம்பி அறுந்துகிடந்தது. பனி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து காற்று போகும் வழியை மூடியது. ஃப்ரீசர் ஓரளவு குளிர, கீழ்ப்பகுதி சூடானது. அணைத்துப் போட்டபோதெல்லாம் பனி உருகி வழி திறந்தது, திரும்பப் பத்து நாளில் அடைத்தது. தெர்மோஸ்டாட்டுக்கும் கேஸுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹீட்டர் மட்டுமல்ல, டைமரோ சென்சரோ கெட்டாலும் இதே கதைதான். கதவு ரப்பர் தளர்ந்து ஈரக்காற்று உள்ளே போனாலும் பனி மிதமிஞ்சிச் சேரும். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பரை வெதுவெதுப்பான நீரில் துடைத்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

பனியை உருக்க நினைத்தால் பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து, கீழே துணி விரித்து ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். கத்தியால் கொத்தவே கொத்தாதீர்கள். காயிலில் ஒரு ஊசித்துளை விழுந்தால் போதும், நல்ல ஃப்ரிட்ஜ் போய்விடும்.

இதே மாதிரித் தோன்றுகிற அபூர்வமான ஒன்றும் உண்டு. கம்ப்ரசர் ஓடும், ஃபேன் ஓடும், ஆனால் காயிலில் பனியே இருக்காது. அணைத்துவிட்டுப் போட்டால் குளிரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். கேஸ் குழாய்க்குள் ஈரம் புகுந்து, மெல்லிய கேப்பில்லரி குழாயின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்வதால் வருவது இது. முன்பு கேஸ் ஏற்றியபோது சரியாக வாக்கம் செய்யாமல், அதாவது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுக்காமல், விட்டிருந்தால் வரும். மூடிய குழாயில் சுற்றும் கேஸ் தானாகத் தீராது. அதனால் 'கேஸ் குறைவு' என்று ஒருவர் சொன்னால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றக்கூடிய கேஸ். அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிற விஷயம் ஒன்று. ராத்திரி முழுக்க 10 டிகிரியில் கிடந்த பாலும் கறியும் சமைத்த சோறும் காலையில் ஜில்லென்று ஆகிவிட்டிருக்கலாம். அதற்குள் கிருமிகள் பெருகியிருக்கும், திரும்பக் குளிர்ந்தாலும் அவை போய்விடாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது என்று உங்கள் தாள் காட்டினால், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டுமல்ல, யாருக்குமே அதைக் கொடுக்காதீர்கள். கொட்டிவிடுங்கள். அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வையுங்கள், மெக்கானிக் வந்ததும் முதலில் அதைக் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.